சுவருக்கு அந்தப் பக்கம் படிக்கிறவள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும். அந்தச் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை மட்டும் எழுந்து இந்தப் பக்கம், என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிடட்டும். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். கதை முடிகிறபோது நீங்களாகவே நகர்ந்து வந்திருப்பீர்கள். தலைவிரிகோலமாய் வருகிற பேய் எதுவும் இதில் இல்லை. படிக்கிற இரண்டு பிள்ளைகளும் பெற்றவர்களும்தான் வருவார்கள். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

பெங்களூர் ஆடுகோடியில், ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், லேத் பட்டறைகளின் இரும்புத்தூள் வாசம் அடிக்கிற ஒரு சந்து. சந்தின் கடைசியில் ஒட்டி ஒட்டிச் சில வீடுகள். கன்னடத்தில் வடாரா என்பார்கள், நம்மவர்களுக்கு லைன் வீடு. தொண்ணூற்றெட்டாம் வருஷம் பிப்ரவரி மாதத்து அந்தி ஒன்றில், பாகீரதி அந்த வீடுகளில் ஒன்றின் அடுப்படியில் குந்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பட்டறைகள் மூடி, சைக்கிள்கள் போய் ஓய்ந்து, யார் வீட்டிலோ கடுகு தாளிக்கிற வாசனையும் இன்னொரு வீட்டுக் கொசுவத்திப் புகையும் ஒன்றாய்க் கலந்து சன்னல் வழியே நுழைய, வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், தினமும் கேட்கிற மாதிரியே, ஒரு பெண்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தது.

"தவளையின் இதயத்தில் மூன்று அறைகள் உள்ளன. மேலே இரண்டு. கீழே ஒன்று."

கை கீரையில் இருக்க, பாகீரதியின் வாய் தானாகத் திறந்தது. "ஸ்வர்ணா! கேட்டியா? அவ ஆரம்பிச்சுட்டா. நீ இன்னும் என்னடி பண்ற?"

வருஷக்கணக்காக அந்த நேரத்துக்கு அவள் வாயில் வருகிற வார்த்தை அது. சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. கதவில் பூட்டுத் தொங்குகிறது. அங்கே உட்கார்ந்து படித்த பெண்ணைப் பொங்கல் கழிந்த வாரத்தில் மண்ணில் வைத்துவிட்டு வந்தாயிற்று.

கீரைக்காம்பு விரலிலிருந்து நழுவியது. உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது, வெகு சாதாரணமாக.

"கேட்டேம்மா. இதோ."

பிறகு ஸ்வர்ணாவும் அதே வரியை எடுத்தாள். மேலே இரண்டு. கீழே ஒன்று.

பக்கத்து வீட்டில் இருந்தவள் எல்லம்மா. புருஷன் இல்லை. கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஒரே பெண்ணுக்கு வித்யாலட்சுமி என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தாள். வித்யாவும் ஸ்வர்ணாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். சின்ன வயதில் ஒரே குடைக்குள் போய் வந்த பிள்ளைகள்தான். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் ரேங்க் வரிசைப்படி பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைப்பார்கள். முதல் ரேங்க்காரிக்குச் சன்னலோரம் முதல் பெஞ்ச். இரண்டாவது வந்தவளுக்கு அவளுக்கு நேர் பின்னால். அடுத்த பரீட்சை வரும் வரைக்கும் அவள் முதல்காரியின் பின்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஸ்வர்ணாதான் அப்படி வித்யாவின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யாவின் ரிப்பன் என்ன நிறம், எந்தப் பக்கம் பேன் ஊர்கிறது என்பது வரைக்கும் சொல்வாள். அதைக் கேட்கிறபோதெல்லாம் பாகீரதியின் வயிறு எரியும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தட்டில் கரண்டி வைத்தால் இந்தப் பக்கம் கேட்கும். சத்தம் போட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருந்ததால், இரண்டு பிள்ளைகளும் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து உரக்கப் படித்தார்கள். யார் முதலில் நிறுத்துவது என்பது எப்படியோ ஒரு போட்டியாகிவிட்டது. யாரும் அறிவிக்காத, ஆனால் இரண்டு வீட்டுக்கும் தெரிந்த போட்டி.

ஸ்வர்ணா தூக்கக்காரி. இரவுச் சோறு உள்ளே போனால் புத்தகத்தின் மேலேயே சரிந்துவிடுவாள். வித்யாவின் குரல் மட்டும் நிற்காது. பாகீரதி மகளின் காதைத் திருகிப் பார்த்தாள், முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். பீன்யா பேக்டரியில் இரண்டாம் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிற புருஷன் சந்திரன், "விடு, குழந்தை தூங்கட்டும்" என்றான். சரி என்று ஒரு நாள் விட்டாள். பிள்ளைக்குப் போர்வை போர்த்திவிட்டுத் திரும்பினால், சுவருக்கு அந்தப் பக்கம் வித்யா படித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலில் ஒரு திமிர் இருப்பது போல, ஜெயித்துவிட்ட சிரிப்பு ஒட்டியிருப்பது போல பாகீரதிக்குப் பட்டது.

அவள் மகளின் கைக்கடியிலிருந்து புத்தகத்தை மெதுவாக உருவினாள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். குரலை மெலிதாக்கி, மூக்கில் கொஞ்சம் ஏற்றி, அச்சு அசல் ஸ்வர்ணாவைப் போல, தானே படிக்க ஆரம்பித்தாள்.

ஆம்பூரில் ஒன்பதாவது படிக்கிறபோது பள்ளியை விட்டு நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவள் பாகீரதி. புத்தகத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குள் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் நிறுத்தப்போன குரல் தடுமாறி மறுபடி எடுத்தது. இவள் விடவில்லை. அது களைத்தது, இருமியது, ஒரு வரியை இரண்டு தரம் படித்தது. கடைசியில் நின்றது. பாகீரதி இருட்டில் சிரித்துக்கொண்டாள். அந்த வெற்றியின் ருசி அவளுக்குப் புதிது. அதற்குப் பிறகு ஸ்வர்ணா நேரத்தோடு தூங்கினாள், பாகீரதி ஸ்வர்ணாவாக விழித்திருந்தாள். ஒரு நாளும் முதலில் நிறுத்தியதில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, குழாயடியில் எல்லம்மா குடத்தை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு எப்பதான்க்கா தூங்குது?"

"ஏன் எல்லம்மா?"

"என்னுது ஒரே அடம். ஸ்வர்ணா நிறுத்துனாதான் நான் நிறுத்துவேன்னுது. சோறு எறங்கல. கண்ணு ரெண்டும் பள்ளத்துக்குள்ள போயிருச்சு. பயமா இருக்குது. நீங்க கொஞ்சம் உங்க பொண்ண சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நானா படிக்கச் சொல்றேன்? அதுவா உக்காந்து படிக்குது. சொன்னா கேக்குதா இந்தக் காலத்துப் பசங்க?" என்றாள் பாகீரதி.

அன்றைக்கு இரவு வழக்கத்தைவிட நெடுநேரம் படித்தாள்.

பொங்கலன்று வித்யாவுக்குக் காய்ச்சல். காய்ச்சலிலும் சுவருக்கு அந்தப் பக்கம் முனகலாக ஒரு குரல் தவளையின் இதயத்தை எண்ணிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆட்டோவில் திரும்பி வந்தபோது எல்லம்மாவின் மடியில் கால் நீட்டிப் படுத்திருந்த பிள்ளைக்கு உயிர் இல்லை. லைன் வீடு முழுக்க எழுந்த அந்த ஓலத்தைக் கேட்ட நொடியில், பாகீரதியின் மனதில் முதலில் வந்தது அழுகை இல்லை. இனி சன்னலோரம் முதல் பெஞ்ச் ஸ்வர்ணாவுக்கு. அந்த நினைப்பு வந்த வேகத்தில் அதைக் கழுத்தைத் திருகிப் போட்டாள். ஆனாலும் அது வந்தது, அவளுக்குத் தெரியும்.

எல்லம்மா தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு சந்தாபுராவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது பாகீரதியின் கன்னத்தைத் தொட்டு, "உங்க பொண்ணு நல்லாப் படிக்கட்டும்க்கா" என்றாள். பாகீரதி ஒரு முறை சந்தாபுரா பஸ் ஏறுவதற்கு மெயின் ரோடு வரைக்கும் போனாள். பஸ் வந்தது. ஏறாமல் திரும்பினாள்.

அதற்குப் பிறகுதான் பூட்டிய வீட்டிலிருந்து அந்தக் குரல்.

முதல் நாள் பழக்கத்தில் தன் காது ஏமாந்தது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் யார் வீட்டு ரேடியோவோ என்று. ஆனால் வரியின் கடைசியில் எச்சில் விழுங்குகிற அந்தச் சத்தம், பக்கம் திருப்புவதற்கு முன் விரலை நாக்கில் தொடுகிற சின்ன இடைவெளி, வறட்டு இருமல், எல்லாமே அவள் மாதக்கணக்காகக் காதைத் தீட்டிக் கேட்டவை. எதிரியின் மூச்சை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் கிடையாது.

மகளிடம் கேட்கப் பயந்து, கேட்டாள். "கேட்டேன்னியே, யாரு சத்தம்டி அது?"

"வித்யாதானே?" ஸ்வர்ணா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வித்யா செத்துப் போயிட்டாடி."

"தெரியும்மா. ஆனா இன்னும் நிறுத்தலையே."

தூக்கக்காரி ஸ்வர்ணா தூங்குவதை விட்டுவிட்டாள். இருட்டுகிறபோது சுவரோரம் போய் உட்காருவாள், குரல் எடுப்பாள். பாகீரதி எழுந்து பார்க்கிறபோதெல்லாம் படித்துக்கொண்டிருப்பாள். விளக்கை அணைத்தால் இருட்டிலும் படித்தாள். புத்தகத்தைப் பிடுங்கினால் வெறுங்கையை விரித்துவைத்துப் படித்தாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள், வாய்க்குப் போகாது. கண்கள் பள்ளத்துக்குள். எல்லம்மா குழாயடியில் சொன்ன ஒவ்வொன்றும் வரிசையாக, அதே வரிசையில், இந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

"போதும் கண்ணு. அம்மா சொல்றேன்ல, படு" என்று கெஞ்சினாள். படி, படி என்று காதைத் திருகியவள்தான்.

"அவ நிறுத்துனா நான் நிறுத்துறேன்மா."

அந்த வார்த்தையை எல்லம்மாவின் வாய் வழியாகப் பாகீரதி முன்பே கேட்டிருந்தாள்.

காலையில் சந்திரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "பொண்ணு ரொம்பப் படிக்குதும்மா. நான் கம்பெனி பஸ் எறங்கி சந்துல வரும்போதே சத்தம் கேக்குது. ரெண்டு பேரு படிக்கிற மாதிரி."

"அதுல ஒண்ணு ஸ்வர்ணா இல்லீங்க."

"பின்ன யாரு, நீயா?" என்று சிரித்தான் அவன்.



வீட்டுக்காரர் வெங்கடசுப்ரமணியன் லைனின் முன்பக்கத்து மாடி வீட்டில் இருந்தார். விதான சௌதாவில் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக பெங்களூர். ஸ்வர்ணா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பாகீரதி அவரிடம் போய் நின்றாள்.

"சார், எல்லம்மா வீட்டுச் சாவி வேணும். உள்ள எலி உருட்டுது."

"சும்னே பயப்படறியேம்மா. பெருச்சாளியா இருக்கும். அடுத்த மாசம் வெள்ளையடிச்சு வாடகைக்கு விடணும், வர்றவா கிட்ட எலி கிலின்னு சொல்லிவெக்காதே, ஆயித்தா?" என்று சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

தன் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறந்தாள். மூடிக்கிடந்த வீட்டின் புழுக்கம், சுண்ணாம்பும் பழைய துணியும் எலிப்புழுக்கையும் கலந்த நெடி. கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் கோலாக இறங்கி, அதற்குள் தூசி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாத்திரம் இல்லை, பாய் இல்லை. நடுப்பகல். வெளியே வடை வண்டிக்காரனின் மணி. பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

பொதுச்சுவரில், தரையில் உட்கார்ந்தால் ஒரு சிறுபெண்ணின் தலை வருகிற உயரத்தில், வட்டமாக ஒரு கறை. தேங்காயெண்ணெய்க் கறை. நாள்தோறும் தலையை அதே இடத்தில் சாய்த்து, இந்தப் பக்கம் இன்னும் படிக்கிறார்களா என்று காதை ஒட்டவைத்துக் கேட்டுக் கேட்டுச் சுண்ணாம்பில் ஊறிப்போன கறை. அதில் ஒரு நீள முடி ஒட்டியிருந்தது.

பாகீரதி மண்டியிட்டாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கறையில் தன் காதை வைத்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ தலையை எடுத்தது போல.

அந்தப் பக்கம், அவளுடைய வீட்டில், யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்டிய வீடு. சாவி இடுப்பில். மகள் பள்ளிக்கூடத்தில்.

மெலிந்த குரல். மூக்கில் கொஞ்சம் ஏற்றிய குரல். ஸ்வர்ணா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஸ்வர்ணா அப்படி வார்த்தைகளை இழுக்கமாட்டாள். நீளமான வரிக்கு முன்னால் மூச்சைப் பிடித்து நிறுத்தமாட்டாள். அப்படி இழுப்பது ஆம்பூர்ப் பேச்சு. அப்படி மூச்சுப் பிடிப்பது, பள்ளியை விட்டு இருபது வருஷம் ஆன ஒருத்தி, பிழை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பிடிப்பது.

அவள் குரல்.

அவள் அந்த இரவுகளில் படித்த அத்தனையும் சுவருக்குள் தங்கி, நிற்காமல், களைக்காமல், பகலும் இரவும் படித்துக்கொண்டிருந்தது. செத்தவள் ஏன் நிறுத்தவில்லை என்று பாகீரதிக்கு இப்போது புரிந்தது. இந்தப் பக்கம் நிறுத்தினால்தானே அவள் நிறுத்துவாள்.

அன்றைக்கு ஸ்வர்ணா தள்ளாடிக்கொண்டு வந்தாள். பையைப் போட்டாள். முகம் கழுவவில்லை, டீ குடிக்கவில்லை. நேராகச் சுவரோரம். பாகீரதி நெற்றியில் கை வைத்தாள். தோசைக்கல்லாகக் கொதித்தது.

"டாக்டர்கிட்ட போலாம் வா. எந்திரி."

"அவ ஆரம்பிச்சுட்டாம்மா."

தூக்கப் பார்த்தாள். எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை, அம்மிக்கல்லைப் போலக் கனத்தது. அசைக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லைன் முழுக்க ஒரு 'ஓ' என்ற சத்தம் எழுந்து அடங்கியது. யாரோ தீப்பெட்டி தேடினார்கள். பிறகு அந்தச் சத்தங்களும் தூரப் போனது போல இருந்தது. இருட்டு. மண்ணெண்ணெய் வாசம். காய்ச்சல் உடம்பின் வாசம். அதற்குள் இரண்டு குரல்கள் மட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. மேலே இரண்டு. கீழே ஒன்று. மேலே இரண்டு. கீழே ஒன்று. ஸ்வர்ணா இருமினாள். வறட்டு இருமல். வரியின் கடைசியில் எச்சில் விழுங்கினாள்.

வித்யாவைப் போலவே.

பாகீரதி மகளுக்குப் பக்கத்திலேயே விழுந்து உட்கார்ந்து சுவரில் நெற்றியை முட்டினாள்.

"வித்யா! வித்யாம்மா! நிறுத்துடா கண்ணு. உங்கூடப் படிச்சது ஸ்வர்ணா இல்ல. அவ தூங்கிட்டா. தினமும் தூங்கிட்டா. நான்தான் படிச்சேன். ஸ்வர்ணா மாதிரி நான்தான் படிச்சேன். நீ ஜெயிச்சுட்ட. எப்பவோ ஜெயிச்சுட்ட. தூங்கும்மா. நான் பாவி. நீ தூங்கு."

குரல் நின்றது.

இரண்டு குரலும்.

ஸ்வர்ணாவின் தலை அப்படியே சரிந்து தாயின் தொடையில் விழுந்தது. மூச்சு சீராக வந்தது. தூக்கம். நிஜமான தூக்கம். பாகீரதி அழக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள். சுவர் மௌனமாக இருந்தது. வெகுநேரம் மௌனமாக இருந்தது.

பிறகு, மிக அருகில். சுவரில் உதட்டை ஒட்டவைத்துப் பேசுவது போல.

"அப்போ ஸ்வர்ணா தூங்கிட்டே இருந்தாளா ஆன்ட்டி?"

பாகீரதி ஸ்வர்ணாவின் தலையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்களா படிச்சீங்க?"

"ஆமாம்மா."

எச்சில் விழுங்குகிற சத்தம். விரலை நாக்கில் தொடுகிற இடைவெளி.

"அப்போ நீங்க நிறுத்துங்க ஆன்ட்டி, நான் நிறுத்துறேன்."

"நான் நிறுத்திட்டேம்மா. நிறுத்திட்டேன்."

"இல்லையே. கேக்குதே."

அந்தப் பக்கம் தொண்டை செருமியது. தவளையின் இதயத்தில். பாகீரதி காதைப் பொத்தினாள். மூன்று அறைகள் உள்ளன. தொடையில் எதுவோ அசைந்தது. குனிந்து தடவினாள். ஸ்வர்ணாவின் உதடு. தூக்கத்தில், ஓசையில்லாமல், அசைய ஆரம்பித்திருந்தது. உடம்பில் சூடு ஏறியது. இருமல் வந்தது.

பாகீரதி வாயைத் திறந்தாள். குரலை மெலிதாக்கினாள். மூக்கில் ஏற்றினாள்.

"மேலே இரண்டு. கீழே ஒன்று."

ஸ்வர்ணாவின் உதடு ஓய்ந்தது.

அவள் புரிந்துகொண்டாள், தான் படிக்கிற வரைக்கும்தான் மகள் தூங்க முடியும்.

ஸ்வர்ணா பிழைத்தாள் கண்ணுகளா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இறங்கியது, பரீட்சை எழுதினாள், நல்ல மார்க் வாங்கினாள். அந்த வருஷம் யார் முதல் ரேங்க் என்று இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மேலே படிக்கத் தும்கூரில் ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். சந்திரன் வீடு மாற்றிப் பார்க்கலாம் என்றான், டாக்டரிடம் போகலாம் என்றான், கத்தினான், அழுதான். பகலெல்லாம் நன்றாகப் பேசி, சமைத்து, துணி துவைக்கிற மனைவி, அந்தியானால் சுவரோரம் உட்கார்ந்து ஒரு சிறுபெண்ணின் குரலில் பத்தாம் வகுப்புப் பாடம் படிப்பதற்கு என்ன பெயர் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு முறை தொண்டை கட்டிக் குரலே வராமல் ஓர் அந்தியை அவள் விட்டுவிட்டாள். மறுநாள் காலை வீட்டுக்காரர் வீட்டு போனுக்கு ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டாள். உங்கள் பெண்ணுக்கு ராத்திரி திடீரென்று கடுமையான காய்ச்சல், தூக்கத்தில் தவளை தவளை என்று ஏதோ பிதற்றுகிறாள் என்றாள். அதற்குப் பிறகு பாகீரதி ஒரு நாளும் விட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். எண்ணெய்க் கறை மறுபடி மேலே வந்தது. திரும்ப அடித்தார்கள், திரும்ப வந்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சில வருஷம் கழித்து சேலத்துப் பக்கமிருந்து ஒரு சின்னக் குடும்பம் வந்தது. அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்குப் பெண்ணை எப்படியாவது முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும் என்கிற கவலை. பெண்ணின் பெயர் தீபிகா. நாலாவது படிக்கிறாள்.

பாகீரதி வழக்கம்போல அந்தியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்து சாய்ந்து இந்தப் பக்கத்துச் சுவரிலும் வட்டமாகக் கறை விழுந்திருந்தது. தொண்டையில் ரத்தத்தின் ருசி. அந்தப் பக்கம் புதுத்தாயின் குரல் கேட்டது.

"கேட்டியா தீபு? பக்கத்து வீட்டு அக்கா எப்படிப் படிக்கிறாங்க பாரு. நேத்து நான் தூங்கப் போறப்பவும் படிச்சுட்டேதான் இருந்தாங்க. நீ என்னடான்னா எட்டு மணிக்கே கொட்டாவி விடுற. போ, அவங்க நிறுத்துற வரைக்கும் நீயும் நிறுத்தக் கூடாது."

வேண்டாம் என்று கத்த வேண்டும் பாகீரதிக்கு. குழந்தையைச் சுவரோரம் விடாதே. அக்கா யாரும் இங்கே இல்லை. படுக்கவைத்துவிடு அவளை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் படிப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஸ்வர்ணா. வாய் தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேலே இரண்டு. கீழே ஒன்று.

தரையில் ஒரு சின்ன ஸ்டூல் இழுபடுகிற சத்தம். கிட்ட. இன்னும் கிட்ட. ஒரு சின்னத் தலை சுவரில் மெல்ல இடித்துச் சாய்ந்தது. சரியாக அந்த இடத்தில்.

"அம்மா, எந்த அக்கா கூட?" என்றது குழந்தை.

"என்னடி எந்த அக்கா? படிக்கிற அக்காதான்."

"ரெண்டு பேர் படிக்கிறாங்கம்மா. ஒருத்தங்க அந்தப் பக்கம்." குழந்தை கொஞ்சம் நகர்ந்து, யாருக்கோ இடம் விடுகிற சத்தம் கேட்டது. "இன்னொருத்தங்க இதோ, இங்க என் பக்கத்துல."

அதோடு, எச்சில் விழுங்கிவிட்டு, அந்தச் சின்னக் குரலும் படிக்க ஆரம்பித்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போய்ப் படுங்கள், நான் விழித்திருக்கிறேன். உங்கள் வீட்டு விளக்கு ஏற்றுகிற நேரத்தில் ஏற்றப்பட்டு, அணைக்கிற நேரத்தில் அணையட்டும். நாளைக்கு உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் கண் நிறையத் தூங்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தூங்கட்டும். உங்கள் அடுப்பு எரியட்டும், குடம் நிறையட்டும், உங்கள் வாசலில் எந்தத் தாயும் வந்து உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவர்கள் என்றைக்கும் ஊமையாகவே இருக்கட்டும்.